ஏமாறாத பித்தப்பை

கிள்ளானில் மேரு சாலையை விட்டு உள்ளே திரும்பும் தாமான் குடியிருப்புகளில் ஒன்றில், முனை வீட்டு வாசலில் குமுதாவின் நாசி லெமாக் மேசை இருக்கிறது. மேசை என்றால் மேசைதான். பெயர்ப்பலகை கிடையாது, விலைப்பட்டியல் கிடையாது. மேலே ஒரு நீலத் தார்ப்பாய், பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் முக்காலிகள், அவ்வளவுதான். வெளிச்சம் வருவதற்கு முன்பே ஆட்கள் வந்துவிடுவார்கள். கையுறைத் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள், கொண்டெனா லோரி ஓட்டுகிறவர்கள், பள்ளிக்கூட வேன்காரர்கள். வெயில் ஏறிய பிறகு வந்தால் வாழையிலைக் கிழிசல்தான் மிச்சம் இருக்கும்.

தேங்காய்ப்பாலில் சோறு வைக்கும் இந்த மலாய்ச் சமையலைக் குமுதாவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முன்பு மேரு தொழிற்பேட்டையில் மின்சாமான் செய்கிற ஒரு தொழிற்சாலையில் பழுது பார்க்கும் பகுதியில் வேலை செய்தாள். தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனபோது வேலையும் போனது. சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாதவள். கிள்ளானில் இருந்த நாசி லெமாக் கடைகளில் ஒன்றுவிடாமல் ஒரு பொட்டலம் வாங்கி வந்து, வீட்டில் பிரித்து வைத்து, முதலில் சோற்றை மட்டும் தின்று பார்ப்பாள். பிறகு மிளகாய்ச் சம்பாலை மட்டும். பிறகு இரண்டையும் சேர்த்து.

தொழிற்சாலையில் அவள் கற்ற பாடம் ஒன்று உண்டு. பழுதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும். அதையே அடுப்பிலும் செய்தாள். ஒரு வாரம் இஞ்சியை மட்டும் கூட்டினாள். அடுத்த வாரம் மணத்துக்குப் பாண்டான் இலையை முடிச்சாகப் போட்டாள். அதற்கடுத்த வாரம் அரிசியை மாற்றினாள். கடைசியில் பக்கத்துத் தெரு மலாய்க் குடும்பங்களே அவளிடம் வாங்க ஆரம்பித்தபோது, சரி, பழுது போய்விட்டது என்று எண்ணிக்கொண்டாள்.

விற்பது கணவர் திருச்செல்வம். கிள்ளான் துறைமுகத்திலிருந்து வடக்கே பட்டர்வொர்த் வரைக்கும் தெற்கே ஜோகூர் வரைக்கும் கொண்டெனா லோரி ஓட்டியவர். கிளட்ச் மிதித்து மிதித்து இடது முழங்கால் போனபின் வீட்டில் இருக்கிறார். மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டு தன்னை 'சேல்ஸ் டிப்பார்ட்மெண்ட்' என்பார். பொட்டலம் கொடுக்கும் நேரத்தைவிடப் பேசும் நேரம் அதிகம். புதிதாக யாராவது வந்தால் அவர் சொல்கிற முதல் வாக்கியம் இதுதான்:

"இங்க வீட்டுக்கு ஒன்னு, கடைக்கு ஒன்னுன்னு கெடையாது பாஸ். நான் தின்றதத்தான் நீங்களும் தின்றீங்க. நம்பிச் சாப்பிடுங்க."

அது பொய். ஆனால் பொய் என்று அவருக்குத் தெரியாது. குமுதாவுக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ரத்தம் சோதித்ததில் அவருக்குக் கொலஸ்ட்ரால் எக்கச்சக்கமாக இருந்தது. கிளினிக் டாக்டர் தேங்காய்ப்பாலைக் குறைக்கச் சொன்னார். "தேங்காப்பால் இல்லாத நாசி லெமாக்குக்கு நான் பட்டினியே கெடக்கலாம்" என்று சொல்லிவிட்டு திருச்செல்வம் மறுநாளும் இரண்டு பொட்டலம் தின்றார். கொடுத்த மாத்திரையையும் ஒழுங்காகப் போடவில்லை. சொல்லிப் பயனில்லை என்று குமுதாவுக்குத் தெரிந்தது. ஆகவே சொல்வதை நிறுத்திவிட்டுச் செய்ய ஆரம்பித்தாள்.

அடுப்பில் ஒரு சின்னப் பானை புதிதாக ஏறியது. முதல் வாரம் தேங்காய்ப்பாலில் கால் பங்கை எடுத்துவிட்டுக் கொழுப்பு நீக்கிய பசும்பாலை ஊற்றினாள். அவர் கவனிக்கவில்லை. அடுத்து அரைப் பங்கு. அப்புறம் முக்கால், கடைசியில் முழுவதும். பசும்பாலை முதலிலேயே ஊற்றினால் அடிபிடித்தது. அதனால் அரிசி முக்கால் வேக்காடு வந்த பிறகு, சுட வைத்த பாலை ஊற்றி மூடினாள். சோறு வெள்ளையாக, உதிரியாக வந்தது. மணம் மட்டும் வரவில்லை. அதற்கும் ஒரு வழி கண்டாள். அந்தச் சோற்றை வாழையிலையில் மடித்து, வாடிக்கையாளர்களுக்கான பெரிய பானைச் சோற்றின் நடுவே புதைத்து வைத்தாள். அரைமணி நேரம் அந்தச் சூட்டில் கிடந்து எழுந்தால், இலைக்குள் தேங்காய்ப்பால் மணம் கமகமவென்று இறங்கியிருக்கும். தேங்காய்ப்பால் ஒரு சொட்டும் இருக்காது.

சம்பாலில் மேலே மிதக்கும் எண்ணெயை அவருக்கு மட்டும் வழித்து எடுத்துவிடுவாள். நெத்திலியை வெறும் சட்டியில் வறுப்பாள். முட்டையில் மஞ்சள் கரு கிடையாது, வேர்க்கடலை முழங்காலுக்கு ஆகாது என்று இரண்டை மட்டும் அவரிடம் வெளிப்படையாகச் சொல்லி வைத்திருந்தாள். அந்தத் தியாகங்களை அவர் பெருமையாகவே ஏற்றுக்கொண்டார். அவருடைய பொட்டலத்துக்குச் சிவப்பு ரப்பர் பட்டை, மற்றதற்கெல்லாம் மஞ்சள். மஞ்சள் கரு இல்லாத பொட்டலம் என்பதற்கு அடையாளம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"முன்னவிட இப்பதான் குமுதா நல்லாருக்கு" என்று அவர் அடிக்கடி சொன்னார். அடுத்த பரிசோதனையில் கொலஸ்ட்ரால் இறங்கியிருந்தது. குமுதாவுக்கு நிம்மதி. ஆனால் அந்த நிம்மதி மறுநாள் காலை வரைக்கும்தான். மேசையில் நின்றுகொண்டு அவர் எல்லாரிடமும் சொன்னார்: "தினமும் தேங்காப்பால்தான், பாத்துக்குங்க. எறங்கிடுச்சு. டாக்டருங்களுக்கு என்ன தெரியும்? பயப்படாம ரெண்டா வாங்கிட்டுப் போங்க லா."

குமுதா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டே இலை துடைத்தாள்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்திருக்கும். வயிற்று வலி வந்தது.

வலது விலா எலும்புக்குக் கீழே, சாப்பிட்டுச் சற்று நேரத்தில், உள்ளே யாரோ கட்டைவிரலால் அழுத்துகிற மாதிரி வந்து போகும். ஒரு மாதம் பொறுத்தார். பிறகு கிளினிக் டாக்டர் சீட்டு எழுதி, சுபாங் ஜெயாவில் ஒரு மருத்துவமனைக்கு அனுப்பினார். மேசையை விட்டு நகர முடியாததால் முதல் தடவை குமுதா கூடப் போகவில்லை. திரும்பி வந்து அவர் சொன்னது இவ்வளவுதான்: "அடுத்த வாரம் வெறும் வயித்துல ஸ்கேன். அப்புறம் சாப்பிடணுமாம். நாசி லெமாக் கொண்டு வந்தா நல்லதுன்னு டாக்டரே கேட்டுட்டாரு. பாத்தியா நம்ம பேரு எது வரைக்கும் போயிருக்குன்னு."

பட்டினியாய்ப் போகிற மனுஷனுக்கு ஸ்கேன் முடிந்தால் பசிக்கும், அதற்காகத்தான் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று குமுதா நினைத்தாள். அன்றைக்கு மேசைக்கு விடுமுறை என்றாலும் இரண்டு பானையும் சின்னதாக அடுப்பேறின. சிவப்புப் பட்டைப் பொட்டலம் ஒன்றைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள். தினமும் செய்கிற காரியம். கை தானாகச் செய்தது.

ஸ்கேன் அறையில் ஜனகா என்ற பெண் இருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். திருச்செல்வம் படுக்கையில் மல்லாந்து படுத்த நிலையிலும் விசாரணையை ஆரம்பித்துவிட்டார்.

"எந்தப் பக்கம்மா?"

"பிரிக்பீல்ட்ஸ் அங்கிள். மூச்சை இழுத்துப் பிடிங்க."

"சிலோன்காரவங்களா?"

"ஆமா அங்கிள். மூச்சு."

குளிர்ந்த களிம்பைத் தடவி, கருவியை விலாவுக்குக் கீழே வைத்து அழுத்திப் படம் எடுத்தாள். பிறகு வெளியே உட்கார்ந்து சாப்பிடச் சொன்னாள். திருச்செல்வம் பொட்டலத்தைப் பிரித்தார். காத்திருக்கும் கூடத்தில் இருந்தவர்கள் தலையைத் திருப்பினார்கள். அப்படி ஒரு மணம்.

ஜனகாவும் வாசலில் நின்று பார்த்தாள். "அங்கிள், சும்மா மணத்துக்கே எனக்குப் பசிக்குது."

"பசிக்கும்மா, பசிக்கும். இத ஏன் சாப்பிடச் சொல்றீங்கன்னு கொஞ்சம் சொல்லும்மா. நான் என் கஸ்டமர்ங்களுக்கு வெளக்கணும்."

அடுத்த நோயாளி இன்னும் வரவில்லை. ஜனகா சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னாள்.

"இப்ப எனக்கு எச்சில் ஊறுதில்ல? மணம் பட்டவுடனே மூளை நரம்பு வழியா சொல்லிடும். வாயில எச்சிலும் சுரக்கும், வயித்துல அமிலமும் சுரக்கும். சோறு உள்ள போகணும்னுகூட இல்ல."

"அட."

"ஆனா பித்தப்பை அப்படி இல்ல அங்கிள். மணத்துக்குக் கொஞ்சம் அசையும், அவ்வளவுதான். நல்லாப் பிழியணும்னா நெஜமாவே கொழுப்பு வரணும். வயித்தத் தாண்டி சிறுகுடல் ஆரம்பிக்கிற எடத்துல, உள்சுவர்ல சில செல்கள் இருக்கு. கொழுப்பு வந்து பட்டா அதுங்க ஒரு ஹார்மோன ரத்தத்துல விடும். கோலிசிஸ்டோகைனின்னு பேரு. அது ரத்தத்தோட சுத்தி வந்து பித்தப்பையைப் பிழியும். பித்தம் எறங்கி வந்து கொழுப்ப கரைக்கும். அதே ஹார்மோன்தான் கணையத்தையும் சுரக்க வைக்கும். வயித்தப் பாத்து, 'அவசரப்படாத, மெதுவா அனுப்பு'ன்னும் சொல்லும்."

திருச்செல்வம் மெல்வதை நிறுத்தினார். "ஒரே ஆளு மூணு எடத்துக்குத் தகவல் சொல்றான். போர்ட்ல எங்களுக்கு இப்படி ஒருத்தன் இருந்திருந்தா ஒரு லோரி க்யூவுல நின்னிருக்காது."

"அதனாலதான் கொழுப்பான சாப்பாடு கேட்டோம். சாப்பிட்டப்புறம் மறுபடி ஸ்கேன் பண்ணி, பை எவ்வளவு சுருங்கியிருக்குன்னு பாப்போம்."

"சுருங்கும்மா. இதுல முழுத் தேங்காயோட மொதப் பால் இருக்கு."

குமுதா மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்தாள். இலையில் ஒரு கவளம்தான் பாக்கி. அதையும் அவர் வாயில் போட்டு, விரலை நக்கினார். மணத்தைக் கொண்டு வாயை ஏமாற்றியிருந்தாள், வயிற்றை ஏமாற்றியிருந்தாள். அதற்கப்பால் ஒரு சோதனைச்சாவடி இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

நெத்திலியில் கொஞ்சம் இருக்காதா என்று எண்ணிப் பார்த்தாள். சம்பாலின் அடியில் கொஞ்சம் தங்கியிருக்காதா?

தங்கவில்லை. இரண்டாம் ஸ்கேனில் பித்தப்பை ஏறக்குறைய முதலில் இருந்த மாதிரியே கிடந்தது. பிற்பகலில் டாக்டர் சிவேந்திரன் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கல் எதுவும் இல்ல. ஆனா பை சரியா வேலை செய்யல. வலியும் சாப்பிட்ட பின்னாலதான் வருது. எடுத்திடறது நல்லது. சின்னத் துளை போட்டு எடுக்கிறதுதான். அது இல்லாட்டி ஈரல்ல இருந்து பித்தம் நேரா சொட்டிக்கிட்டிருக்கும். பெரும்பாலானவங்க நல்லாவே இருப்பாங்க." பிறகு நிமிர்ந்து பார்த்தார். "சாப்பாடு நல்ல கொழுப்பாத்தானே இருந்துச்சு?"

கேள்வி இருவருக்கும் பொதுவாக வந்தது. குமுதா வாயைத் திறந்தாள்.

"டாக்டர்" என்று திருச்செல்வம் முந்திக்கொண்டார், "அதவிடக் கொழுப்பா கிள்ளான்ல ஒருத்தர் சமைச்சிட்டா நான் கடைய மூடிடறேன்."

டாக்டர் சிரித்தார். அடுத்த வாரம் வியாழக்கிழமைக்கு அறுவைச் சிகிச்சை குறிக்கப்பட்டது.

காரில் வரும்போது குமுதா மூன்று தடவை ஆரம்பித்தாள்.

"ஏங்க, இன்னொரு தடவ ஸ்கேன் பண்ணிப் பாத்தா என்ன? எண்ணெய் வடியற ரொட்டி சானாய் கிட்டி சானாய் ஏதாவது சாப்பிட்டு?"

"என்ன பேசுற நீ? ஒன் சோத்துக்கே அசையாத பை ரொட்டி சானாய்க்கா அசையும்?"

"அதுக்கில்ல..."

"நீ பயப்படாத. ஓட்டை சின்னதுதான். நான் போனா திரும்பி வருவேன்."

அவர் சொன்ன விதம் அவளைக் கலக்கியது. வண்டியை நிறுத்தச் சொல்லி அங்கேயே சொல்லிவிடலாம் போலிருந்தது. ஆனால் இந்த மனுஷன் இரண்டு வருஷமாக ஊருக்கெல்லாம் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார். அந்தச் சத்தியத்தை அவருக்கே தெரியாமல் பொய்யாக்கியவள் அவள். சொன்னால் நாளை எப்படி மேசைக்குப் பின்னால் நிற்பார்? சொல்லாவிட்டால் பழுதில்லாத ஒரு உறுப்பை அறுத்து எடுத்துவிடுவார்கள். தொழிற்சாலையில் நல்ல மின்சுற்றுப் பலகையைப் பழுதென்று குப்பையில் போட்டவர்களை அவள் மன்னித்ததே இல்லை.

மறுநாள் காலை மேசையில் விஷயம் பரவியது. கையுறைத் தொழிற்சாலையில் லைன் லீடராக இருக்கும் புஷ்பவல்லி தினமும் வருகிறவள், வாய் நீளம்.

"அண்ணே, அந்தப் பைய எடுத்துட்டா பேச்சு கொறையுமா?"

"அது பித்தப்பை. பேச்சு வர்ற எடம் வேற."

"டாக்டர்கிட்ட கேட்டுப் பாருங்க. அதையும் சேத்து எடுக்க முடியுமான்னு."

மேசை ஒழிந்ததும் குமுதா வீட்டுக்குப் பின்னால் போய் மருத்துவமனைக்குப் போன் போட்டாள். ஜனகா கிடைக்கக் கொஞ்ச நேரமாயிற்று. குமுதா சின்னப் பானை, கொழுப்பு நீக்கிய பால், புதைத்து வைத்த இலை என்று எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். அந்தப் பக்கம் யாரோ கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேட்டது.

"சாரி ஆன்டி. அவ்வளவு மணமா இருந்துச்சே, அது எப்படி..." ஜனகா குரலைச் சரிப்படுத்திக்கொண்டாள். "சோதனையே நடக்கல ஆன்டி. கொழுப்பு போகல, ஹார்மோன் வரல, பை ஏன் சுருங்கும்? நான் டாக்டர்கிட்ட சொல்லித் திங்கக்கிழம மறுபடி பாக்க எடம் வாங்கறேன். ஆனா அங்கிள் வரணும். வந்து ஒழுங்கான சாப்பாடு சாப்பிடணும்."

"நீங்களே அவர்கிட்ட சொல்லிட முடியுமாம்மா?"

"நான் சொன்னா நம்புவாரா ஆன்டி? ஒங்க சோத்துமேல அவருக்கு அவ்வளவு நம்பிக்க."

அதுதான் சிக்கல். சொல்லி நம்ப வைக்க முடியாது. சோதித்துத்தான் காட்ட வேண்டும். மறுநாள் சனிக்கிழமை. கூட்டம் கலைந்து, புஷ்பவல்லி மட்டும் முக்காலியில் உட்கார்ந்து பால் சேர்க்காத கோப்பி ஓ குடித்துக்கொண்டிருந்தாள். குமுதா இரண்டு தட்டைக் கொண்டுவந்து கணவர் முன் வைத்தாள். ஒன்றில் சின்னப் பானைச் சோறு, மற்றதில் பெரிய பானைச் சோறு. வேறு எதுவும் இல்லை, சம்பால்கூட இல்லை.

"ரெண்டையும் தின்னு பாத்துட்டு எது எப்படின்னு சொல்லுங்க."

"என்ன போட்டியா?" அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். முதல் தட்டில் ஒரு வாய். கண்ணை மூடினார். "இது நம்மது. இதுக்கு ஏன் கேள்வி?" இரண்டாவதில் ஒரு வாய். முகம் சுருங்கியது. நாக்கை அண்ணத்தில் தடவிப் பார்த்தார். "இது எங்க வாங்கின? பிசுபிசுன்னு வாயெல்லாம் ஒட்டுது. இந்த மாதிரி சோத்த வித்தா மூணு நாள் தாங்காது."

புஷ்பவல்லி கோப்பியைக் கீழே வைத்தாள். அவள் இப்போதுதான் அந்தப் பானைப் பொட்டலம் ஒன்றைத் தின்று முடித்திருந்தாள்.

"அதத்தான் நீங்க தினமும் விக்கிறீங்க" என்றாள் குமுதா.

திருச்செல்வம் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. தட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இது?" என்று முதல் தட்டைத் தொட்டார்.

"பசும்பால். கொழுப்பெடுத்தது. அன்னிக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அதான். ஒங்க பைக்கு ஒன்னுமில்லங்க. பிழியறதுக்கு அதுக்கு நான் எதையும் குடுக்கல."

"எத்தன நாளா?"

"ரெண்டு வருஷமா."

அவர் எழுந்து உள்ளே போனார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். சத்தத்தோடு சாத்தியிருந்தால் குமுதாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

புஷ்பவல்லி கேட்டாள். "அக்கா, எனக்கு எந்தப் பானை?"

"ஒனக்குப் பெரிய பானைதான்."

"நல்லவேள" என்றாள் அவள். ஆனால் போகும்போது காலியான பொட்டலத்தை ஒரு தடவை பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் போனாள்.

ஞாயிறு காலை திருச்செல்வம் வழக்கம்போல மேசைக்குப் பின்னால் நின்றார். ஆனால் பேசவில்லை. பொட்டலத்தைக் கொடுத்தார், மீதியைக் கொடுத்தார். வேன்காரர் ஒருவர் குமுதாவிடம் வந்து, "என்னக்கா, அண்ணனுக்கு ரொம்ப முடியலையா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். புதிதாக ஒரு லோரிக்காரர் வந்து நின்றபோது, குமுதா உள்ளேயிருந்து காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். வழக்கமான அந்த வாக்கியம் வரவில்லை. அவள் கையிலிருந்த இலை நடுவில் கிழிந்தது.

பாத்திரம் கழுவும்போது பின்னால் வந்து நின்றார். முழங்காலைத் தடவிக்கொண்டே நின்றார்.

"அந்த மணம் எப்படி வந்துச்சு?"

குமுதா குழாயை மூடினாள். பெரிய பானைச் சோற்றின் நடுவே புதைப்பதைச் சொன்னாள். எவ்வளவு ஆழம், இலை எத்தனை மடிப்பு என்று அவர் கேட்டார், சொன்னாள். சோறு குழையாமல் எப்படி என்று கேட்டார். பாலைக் கடைசியில் ஊற்றுவதைச் சொன்னாள்.

"பெரிய வேலைக்காரிதான் நீ" என்றார். திட்டா பாராட்டா என்று அவருக்கே தெரிந்திருக்காது. "நாளைக்கு மஞ்சப் பட்டை போடு. முட்டையில கருவோட."

திங்கட்கிழமை அவள் துருவிய தேங்காயை வெந்நீர் விடாமல் பிழிந்து, முதல் பாலிலேயே சோறு வைத்தாள். வேர்க்கடலை ஒரு கைப்பிடி. மேலே சிவந்த எண்ணெய் மிதக்கிற சம்பால். காத்திருக்கும் கூடத்தில் அதே நாற்காலியில் உட்கார்ந்து அவர் தின்றார். முதல் சில வாய் கடமைக்காகப் போனது. பிறகு மெதுவாக, "ம், இதுவும் பழகினா நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

சாப்பிட்ட பிறகு எடுக்கும் ஸ்கேனுக்கு ஜனகா குமுதாவையும் உள்ளே கூப்பிட்டாள். திரையில் காலையில் வெறும் வயிற்றில் எடுத்த படமும் புதுப் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. முதலாவதில் கறுப்பாக, கொழுத்த பிஞ்சுக் கத்தரிக்காய் மாதிரி ஒன்று. இரண்டாவதில் அதைத் தேட வேண்டியிருந்தது. சுருங்கி, சுவர் தடித்து, வெயிலில் காய்ந்த வற்றல் மாதிரி ஈரலோடு ஒட்டிக் கிடந்தது.

"பாதிக்கு மேல காலி பண்ணிடுச்சு ஆன்டி" என்றாள் ஜனகா. "அருமையான பை."

குமுதா திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அவளுக்குத் தெரியாத ஊரில், அவள் பிழிந்த தேங்காய்ப்பால் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து ஒரு தகவல் ரத்தத்தில் கிளம்பி, சொன்ன வேலையை ஒருவன் செய்து முடித்திருக்கிறான். கண் கலங்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"என்ன அழற? நல்லாத்தானே சுருங்கியிருக்கு" என்றார் படுக்கையிலிருந்தவர்.

டாக்டர் சிவேந்திரன் வியாழக்கிழமையை அடித்துவிட்டார். குமுதாவின் சமையல் முறையைக் கேட்டு, இரண்டு தடவை சொல்லச் சொன்னார். பிறகு பேனாவை வைத்துவிட்டுத் திருச்செல்வத்தைப் பார்த்தார்.

"சரி, அப்ப வலி எங்கிருந்து வருது? வேற மாத்திரை ஏதாவது போடறீங்களா? முழங்காலுக்கு?"

திருச்செல்வம் கூரையைப் பார்த்தார். குமுதா அவரைப் பார்த்தாள். இப்போது முறை மாறியது.

"எப்பவாவது" என்றார்.

"எப்பவாவதுன்னா?"

"காலையில ஒன்னு. நின்னு விக்கணும்ல. சில நாள் ரெண்டு. ராத்திரி பசார் மாலாம் சந்தையில விக்கிறான் டாக்டர், மஞ்சளா இருக்கும்."

"வெறும் வயித்துலயா?"

"கோப்பி ஓவோட."

"எங்க வச்சிருக்கீங்க?" என்றாள் குமுதா.

"கார்ல" என்றார் அவர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். வயிறு தன் அமிலத்தில் தானே வெந்து போகாமலிருக்க உள்சுவரில் ஒரு வழுவழுப்பான சளிப்படலம் சுரந்துகொண்டே இருக்கிறது. அந்த வகை வலி மாத்திரைகள் முழங்காலில் வலியை நிறுத்தும்போதே, வயிற்றில் அந்தச் சுரப்பையும் நிறுத்திவிடும். அப்புறம் அமிலத்துக்கும் சதைக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. பிறகு வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்த்தபோது அதேதான் இருந்தது: வயிற்றின் உள்சுவர் அங்கங்கே சிவந்து புண்ணாகியிருந்தது. மஞ்சள் மாத்திரை நின்றது, அமிலத்தைக் குறைக்க வேறு மாத்திரை வந்தது, முழங்காலுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். சில வாரத்தில் விலாவுக்குக் கீழே அழுத்திய கட்டைவிரல் காணாமல் போயிற்று.

சாப்பாட்டு விஷயத்தில்தான் பேரம் நடந்தது. ஒரு பித்தப்பையை நெடுங்காலம் சும்மா போட்டு வைத்தாலும் உள்ளே பித்தம் தேங்கிக் கெட்டிப்படலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை ஆயுதமாக எடுத்துக்கொண்டு திருச்செல்வம் பாதித் தேங்காய்ப்பால் கேட்டார். குமுதா கொலஸ்ட்ராலை எடுத்துக்கொண்டு கால் பங்கில் நின்றாள். கொலஸ்ட்ரால் மாத்திரையை அவள் கண் முன்னால் விழுங்குவதாக ஒப்புக்கொண்ட பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கி வந்தாள். இப்போது பால் ஊற்றும் நேரத்தில் அவரும் எழுந்து வந்து அடுப்பருகே நிற்கிறார். நம்பிக்கை இல்லாமல் இல்லை, வேலை கற்றுக்கொள்ளத்தான் என்கிறார்.

மேசையில் என்ன சொல்வாரோ என்ற பயம் குமுதாவை விட்டுப் போகவில்லை. வலி நின்ற அடுத்த வாரம், கூட்டம் நெரிகிற நேரத்தில், உள்ளே இலை துடைத்துக்கொண்டிருந்தவள் அந்தப் பழைய குரல் எழும்புவதைக் கேட்டாள்.

"பாஸ், ஒங்களுக்கு ஒரு கத தெரியுமா? இந்த வீட்ல ரெண்டு வருஷம் ரெண்டு பானை. எனக்குத் தெரியாது. மூக்கு ஏமாந்துச்சு, நாக்கு ஏமாந்துச்சு, வயிறு ஏமாந்துச்சு. ஒருத்தன் மட்டும் அசையல. குடல்லேருந்து ஹார்மோன் வந்தாத்தான் பிழிவேன்னு ஒக்காந்துட்டான். ஆஸ்பத்திரியில படம் புடிச்சுக் காட்டினாங்க. 'அருமையான பை'ன்னு சொன்னாங்க. சும்மா இல்ல, ஸ்கேன் எடுக்கிற பொண்ணே சொன்னிச்சு."

லோரிக்காரர்கள் போக வேண்டிய நேரத்தை மறந்து நின்றார்கள். குமுதா வாசலுக்கு வந்தாள். எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள், யாரோ கை தட்டினார்கள். கணவர் முகத்தில் கோபத்தைத் தேடினாள். லோரியில் பெரிய மலைப்பாதை ஒன்றை ஏறி முடித்தவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

வரிசையின் கடைசியிலிருந்து புஷ்பவல்லி கேட்டாள். "அப்ப ஏமாந்த கணக்குல மூளையையும் சேத்துக்கலாமா அண்ணே?"

திருச்செல்வம் அவளைப் பார்க்காமலே பொட்டலத்தை எடுத்தார்.

"குமுதா, இவளுக்குச் சம்பாலக் கொறைச்சு வையி."